கீழ்க்கோட்டில் நடக்க மாட்டாள்

மே 13, 1943. வியாழன்

காலையிலேயே புழுக்கம். கட்டம் போட்ட தாள் சேலத்திலும் இல்லையாம். யுத்தம். பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில் நானே ரூலர் வைத்துக் கோடு போட்டேன். பத்துக்குப் பத்து. ஆறு தாள். முதுகு போயிற்று.

எல்லாம் சேலத்துப் பெண்கள் பள்ளி விடுதியில் இருக்கும் ஒரே ஒரு இலவச இடத்துக்காக. டெஸ்ட் 24ஆம் தேதி. அங்கே வந்திருக்கும் புதுத் தலைமையாசிரியைக்கு கிராஃப் மேல் மோகம். பத்து வயதுப் பிள்ளைகள் கட்டத்தில் புள்ளி வைக்கத் தெரிந்து வர வேண்டுமாம். எதற்கு என்று கேட்டு எழுதலாம். எழுதினால் இடம் போகும்.

அனுப்பப்போவது வெள்ளச்சியை. வத்தல்மலைப் பெண். இரண்டு வருடமாக என் வீட்டில் தங்கி, என் பள்ளியில் படிக்கிறாள். மனக்கணக்கில் என் உதவி ஆசிரியைகள் இருவரையும்விட வேகம். (அவர்களிடம் சொன்னதில்லை.) புள்ளி வைப்பது அரை மணி வேலை. நாளை முடித்துவிடலாம்.

மே 14, வெள்ளி

முடியவில்லை.

(3, 5) என்றேன். மூலையிலிருந்து கீழ்க்கோட்டில் வலப்பக்கம் மூன்று கட்டம் நட, அங்கிருந்து மேலே ஐந்து ஏறு. தலையை ஆட்டினாள். மேலே மூன்று ஏறி, வலப்பக்கம் ஐந்து நடந்து புள்ளி வைத்தாள். பத்துப் புள்ளியில் ஒன்பது இப்படியே. சரியாக வந்தது (4, 4) மட்டும். அது யார் வைத்தாலும் சரியாகத்தான் வரும்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய் (கிடைத்தால்), து. பருப்பு, பென்சில் 1.

மே 15, சனி

வாய்ப்பாடு போல் சொல்ல வைத்தேன். "முதல் எண் நடை, இரண்டாம் எண் ஏற்றம்." நாற்பது தடவை. மாவு சலித்துக்கொண்டிருந்த சமையற்காரி ராசம்மாவுக்கே பாடமாகிவிட்டது. வெ. ஒரு பிசகும் இல்லாமல் சொல்லிக்கொண்டே, ஏறிவிட்டு நடந்தாள்.

"ஏன்?"

"தெரில டீச்சரம்மா. கை அப்பிடித்தான் போவுது."

கல்லூரியில் கணக்கு வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பெண்கள் கணக்குப் போடுவதில்லை, மனப்பாடம் செய்கிறார்கள் என்றார் எங்கள் பேராசிரியர். பையன்கள் சிரித்தார்கள். முப்பது வருடம் கழித்து நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? நாற்பது தடவை.

மே 17, திங்கள்

வானம் மூடிக்கிடந்தது. மழை இல்லை.

வெ.யின் அப்பா பொன்னன் புளி விற்க மலையிலிருந்து இறங்கி வந்தார். எப்போதும் போல் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார். நானும் இரண்டு தடவைக்கு மேல் சொல்வதில்லை.

"எடம் கெடைச்சா படிக்கட்டுங்கம்மா. இல்லீன்னா இந்த மாசத்தோட கூட்டிகினு போயிடறேன். அவ ஆத்தா மாசமா இருக்குது. ஆடு பாக்க ஆளில்லீங்க."

ஆக, புள்ளி தவறினால் ஆடு. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும் வெ. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பொன்னன் கட்டத்தாளைப் பார்த்தார். "இது இன்னாங்க, கொல்லையா?" (அவர்கள் பேச்சில் புன்செய் நிலம்.)

"கொல்லைன்னே வச்சுக்குங்க. இந்த மூலைல நிக்கிறீங்க. அதோ அந்தப் புள்ளிக்கு எப்படிப் போவீங்க?"

விரலை ஓரக்கோட்டோடு நேரே மேலே ஏற்றினார். பிறகு குறுக்கே. மகளின் கைதான்.

"அடியிலயே நடந்து போய், அங்கேருந்து ஏறினா என்ன?"

சிரித்தார். "அடிவாரத்துல குறுக்கால நடந்தா கீழூர்க்காரங்க கொல்லைங்க. கால வெச்சா ஏசுவாங்க. போன வருசம் இவ ஓட்டிகினு போன ஆட்டப் புடிச்சிக் கட்டிப்புட்டாங்க. எங்க போறதுன்னாலும் மொதல்ல எங்க வழியில ஏறிடுவோமுங்க. அப்பறம் மேலயே குறுக்க நடந்துக்கறது."

நான்கு நாள் தொண்டை வறள நான் கத்தியதற்கு விடை வாசற்படியில் அரை நிமிடத்தில். இது எந்த போதனா முறைப் புத்தகத்திலும் இல்லை. இருந்தாலும் பயன் என்ன? டெஸ்டில் கேட்கப்போவது காரணம் அல்ல.

மே 18, செவ்வாய்

"இந்தத் தாள் யாரோட கொல்லையும் இல்ல. யாரும் ஏச மாட்டாங்க. தைரியமா கீழ்க்கோட்டுல நட."

"சரிங்க டீச்சரம்மா." கொஞ்ச நேரம் கழித்து: "ஏன் மொதல்ல நடக்கணும்? ஏறிட்டு நடந்தா ஆவாதா?"

"எல்லாரும் அப்படித்தான்."

"எல்லாரும்னா ஆரு?"

அடுத்த புள்ளியைச் சொன்னேன். இது வெறும் வழக்கம்; முதலில் எழுதியவன் சமவெளிக்காரனாக இருந்திருப்பான். இதை அவளிடம் சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும். நாள் ஆறுதான் இருக்கிறது.

சரி 4. தப்பு 6. முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மே 20, வியாழன்

சரி 2. தப்பு 8.

கத்திவிட்டேன். பென்சிலைப் பிடுங்கி எறிந்தேன். முனை ஒடிந்தது. அவள் அழவில்லை. எடுத்து வந்து, அரிவாள்மனையில் சீவி, தாளின் மேல் வைத்தாள். அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ராசம்மா அடுப்படியிலிருந்து: "புள்ளி வெக்கத் தெரியாட்டி சோறு எறங்காதா? நானும்தான் வெச்சதில்ல. நல்லாத்தான் இருக்கறேன்."

"ஒன்ன யாரு கேட்டா?"

"ஆரும் கேக்கலீங்க. அதான் சொல்றேன்."

தலைவலி. வலது கண்ணும் சரியில்லை.

மே 23, ஞாயிறு

பாடம் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாள். பாவாடையைச் சலவைக்காரர் இன்னும் தரவில்லை. நாளை ஆறு மணி பஸ். தாள் மிச்சம் ஒன்று. அதையும் அவளே வைத்துக்கொள்ளட்டும்.

மே 25, செவ்வாய்

நேற்றைய நாள்.

பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ், முக்கால் மணி தாமதம். தொப்பூர் இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பள்ளியில் பதினோரு பெண்கள். மற்றவர்களின் தாய்மார் எல்லோரும் பட்டு. தாழ்வாரத்தில் பெஞ்சு. ஜன்னல் வழியாக வெ.யின் முதுகும் தாளும் தெரிந்தன.

கட்டத்தாள் கொடுத்ததும் அதை இடப்பக்கமாகத் திருப்பிக் குறுக்கே போட்டாள். மேற்பார்வைக்கு வந்த அம்மாள் நேராக வைத்துவிட்டுப் போனார். இவள் திருப்பினாள். அவர் மறுபடி நேராக்கினார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் இவள் திருப்பினாள். பக்கத்தில் இருந்த ஒரு பட்டு, "எந்த ஊர்ப் பொண்ணோ, தாளைப் பிடிக்கக்கூடத் தெரியல" என்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பஸ் இழுக்கவில்லை. கண்டக்டர்: "அல்லாரும் எறங்கி நடங்க சாமி, கரி தம் கட்டட்டும்!" எல்லோரும் இறங்கி ஏற்றத்தில் நடந்தோம். எனக்கு மூச்சு வாங்கிற்று. வெ. என் பையையும் வாங்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"தாளை எதுக்குடி திருப்பினே?"

"திருப்பினா அந்தக் கீழ்க்கோடு எந்திரிச்சி நின்னுக்குது டீச்சரம்மா. வலக்கைப் பக்கமா. அதுமேல மூணு ஏறிட்டு, இடக்கைப் பக்கமா அஞ்சு நடந்தேன். முடிச்சிட்டு நேரா வெச்சிப் பாத்தா நீங்க சொன்ன எடத்துலயே இருக்குது."

"எப்ப கண்டுபிடிச்சே?"

"நேத்து. மிச்சமிருந்த தாள்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஏசுவீங்கன்னு."

ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்தேன். மூச்சுக்காக என்று அவளிடம் சொன்னேன். பிறகு பையை வாங்கிக் காகிதம் எடுத்து, கட்டம் கிறுக்கி, குறுக்கே போட்டு, நானே ஐந்து புள்ளி வைத்துப் பார்த்தேன். ஐந்தும் சரி. கணக்கில் பட்டம் வாங்கிய எனக்குப் பத்து நாளாக இது தோன்றவில்லை. பஸ் புறப்படப் போகிறது என்று மேலேயிருந்து கூப்பிட்டார்கள்.

மே 31, திங்கள்

நல்ல மழை. பள்ளிக் கூரை இரண்டு இடத்தில் ஒழுக்கு.

சேலத்திலிருந்து கடிதம். இடம் கிடைத்துவிட்டது. கணக்கில் அவள்தான் முதல். கடைசி வரி: "தாளைக் கோணலாக வைத்து எழுதும் கெட்ட பழக்கம் இருக்கிறது. இங்கே வந்ததும் திருத்திவிடுவோம்."

வெ.யிடம் இடம் கிடைத்ததை மட்டும் சொன்னேன். குதித்தாள். பொன்னனுக்குச் சொல்லி அனுப்ப மலைக்குப் போகிறவர் யாராவது வேண்டும்.

ராசம்மா: "கெடைச்சிச்சின்னு சொல்றீங்க, மூஞ்சி ஏன் இப்பிடி?"

பதில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அது கெட்ட பழக்கம் அல்ல" என்று ஆரம்பித்தேன். என்னவென்று விளக்க வேண்டுமானால் கீழூர்க்காரர் கொல்லையிலிருந்து தொடங்க வேண்டும். அடித்தேன். "திருத்த வேண்டாம்" என்று எழுதினேன். தலைமையாசிரியைக்கு உத்தரவா? அடித்தேன். "திருத்தும் முன் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள்."

அடிக்கவில்லை. தபால் நான்கு மணிக்கு எடுப்பார்கள். குடையைக் காணோம்.