உள்ளே தூங்கும் நைனாவுக்கு

என் ஒத்தக்கால் சிப்பாய்க்கு, என் செல்ல நைனாவுக்கு,

பயமாக இருக்கிறது நைனா. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நாளைக் காலையில் அம்மாவைப் பென்ஷன் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எல்லையில் கண்ணிவெடியில் உன் வலது கால் போனதற்காக வந்த பென்ஷனில்தான் நான் படித்தேன், கோவில்பதாகையில் இந்த வீடும் நின்றது. "போன காலு சம்பாரிக்குது, கீற காலு தண்டச்சோறு துன்னுது" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பாய். இனி அது குடும்பப் பென்ஷனாக அம்மாவுக்கு வர வேண்டும். எழுதிப் போட்டோம். வீட்டுக்கு விசாரிக்க ஒருவர் வந்தார். அங்கேதான் வினை.

நீ பட்டாளத்துக்குப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போவாயே, தெரியாத ஆள் கேட்டால் புருஷன் வீட்டில் இல்லை என்று மட்டும் சொல்லாதே என்று. அன்று நான் அம்பத்தூரில் வேலையில் இருந்தேன். வீட்டில் அம்மா தனியாக. வாசலில் முன்பின் தெரியாத ஆம்பளை.

"முனுசாமி வீடு இதானே? அவர் இருக்காரா?"

"உள்ள தூங்கினுகீறாரு. இன்னா வோணும்?"

அந்த ஆள் எட்டிப் பார்த்திருக்கிறார். அறைத் திரைக்குக் கீழே உன் செயற்கைக் கால், ஷூ மாட்டியபடி, பளபளவென்று. அம்மா இன்னும் அதற்குப் பாலிஷ் போடுகிறாள். எடுத்து வைக்கலாம் என்றால் என்னை அடிக்க வருகிறாள்.

ஆள் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இப்போது நாங்கள் கொடுத்த இறப்புச் சான்றிதழே பொய்யோ என்று சந்தேகப்படுகிறார்கள். நீயாக இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் சர்க்கரை ஊசி அந்தப் பென்ஷனை நம்பித்தான். ஏமாற்றினோம் என்று கேஸ் போட்டால் இந்த வயதில் அவள் தாங்குவாளா?

அதிகாரியிடம் கெஞ்சினேன். கெட்ட மனுஷன் இல்லை. "உங்கம்மா வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்மா, முடிச்சிடலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவள் வாயில் வரமாட்டேன் என்கிறது. யார் துக்கம் கேட்டாலும் "அவரு போய்கீறாரு" என்பாள், அதற்கு மேல் பேசமாட்டாள். சாயங்காலம் உட்கார வைத்து, சொல்லிப் பாரும்மா என்றேன். வாயைத் திறந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்ட்டேன்னா நெசமாயிடும்டி. பென்ஷனே வோணாம். நாலு ஊட்ல பாத்திரம் தேச்சிக்கிறேன்."

 நாளை அங்கே மயங்கி விழுந்தால்? பதற்றத்தில் மறுபடியும் தூங்குகிறார் என்றே சொல்லிவைத்தால்?

கோபத்தில் அவளைத் திட்டிவிட்டேன். திட்டிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தால், நானும் அந்த வார்த்தையை உன் பேரோடு சேர்த்து ஒரு நாளும் சொன்னதில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆபீசில் கூட லீவுக்கு "அப்பாவுக்கு முடியல" என்றுதான் எழுதிக்கொடுத்தேன். அவளை மட்டும் எந்த வாயால் கேட்பேன்?

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் நான் சொல்கிறேன். அவள் என் பின்னாலேயே சொன்னால் போதும். நாக்கு தடுமாறாமல் இருக்க இங்கேயே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்க நைனா செத்துட்டாரு.

உன் பெரிய பொண்ணு,
மல்லிகா