மல்லிகையும் வெல்லப்பாகும்

பிள்ளைப்பாக்கம்,
6.1.1991

அன்பு மகன் ஜெபகுமாருக்கு,

முதலில் ஒரு திருத்தம். உன் அம்மா குடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று சபையில் ஒரு பேச்சு நடக்கிறது. யாராவது உனக்கு எழுதியிருந்தால் நம்பாதே. நீ அனுப்பிய பாட்டிலிலிருந்து சாப்பாட்டுக்கு முன் கால் கிளாஸ் எடுக்கிறேன். முகர்கிறேன், ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொள்கிறேன், எழுதுகிறேன். இதற்குப் பெயர் குடி அல்ல. கிளப்பிவிட்டது ரத்னா. வீட்டு வேலைக்கு வரும் பாஞ்சாலி தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறாள். வந்து சொன்னாள்:

"அந்த ரத்னாக்கா சொல்லிக்கினு கீதும்மா, உங்க வூட்டுக்கு அமெரிக்காலேர்ந்து பாட்டில் பாட்டிலா வருதாம். நான் வுடுவேனா? எங்கம்மா நாலு பாட்டில் குடிச்சாலும் நேரா நடக்கும், உன் வூட்டுக்காரன் மோர் குடிச்சாலே சாஞ்சிடுவான்னு சொல்லிட்டு வந்தேன்."

எனக்காகப் பேசியது இதுதான்! நாலு பாட்டில் என்று இப்போது ஊரே கணக்குச் சொல்கிறது.

உன் நண்பன் கோபால் கிறிஸ்துமசுக்கு முன்பே வந்து இரண்டு பாட்டிலையும் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனான். நம் ஒப்பந்தப்படி, நீ எதுவும் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஒயின்: மூக்கில் முதலில் உலர்ந்த திராட்சை, பிறகு இடித்த மிளகு. வாயில் நாவல்பழத்தின் துவர்ப்பு; நாக்கைப் பிடிக்கிறது, ஆனால் கடிக்கவில்லை. விழுங்கிய பிறகு புது மண்பானையில் ஊற்றிய முதல் தண்ணீர். நல்ல சரக்கு. செய்தவர் பொறுமைசாலி என்று தெரிகிறது.

வெள்ளையை அடுத்த மாதம் திறப்பேன். மருமகள் ஜாஸ்மினை இரவு டியூட்டிக்குக் கம்பளி போட்டுக்கொண்டு போகச் சொல்.

உன் அம்மா,
கிரேஸ் ராஜம்மா


ஹீல்ட்ஸ்பர்க், கலிபோர்னியா,
26.1.1991

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் தோட்டத்து முதலாளி வால்டருக்கு இங்கிலீஷில் படித்துக் காட்டினேன். மண்பானைத் தண்ணீர் வந்ததும் கிழவர் எழுந்து நின்றுவிட்டார். எண்பது வயதில் அவர் எழுந்து நிற்பது சாதாரண விஷயமல்ல.

அந்தச் சிவப்பைச் செய்தவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும்தான். மலைச்சரிவில் கொஞ்சம் கொடி, ஒரு மாட்டுக்கொட்டகை, பழைய பீப்பாய்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் ஒரே ருசியைத் தயாரிப்பார்கள். இவர்களுக்கு அது கைவராது, வேண்டவும் வேண்டாம். அந்த வருஷம் மழை தவறியிருந்தால் பாட்டிலிலும் அது தெரியும்.

ஆனால் அம்மா, மார்க் குறைக்கிறேன். இரண்டை விட்டுவிட்டீர்கள். சீவிய பென்சிலின் மரவாசனை, நன்றாகச் சுழற்றினால் வரும். கடைசியில் மெல்லிய புகை, அணைந்த விறகடுப்புப் போல. மிளகு என்றீர்கள். எனக்கு அது வால்மிளகு. சண்டைக்குத் தயாரா?

ரத்னா அக்காவுக்கு என் வாழ்த்துகள். அடுத்த முறை அவருக்கும் ஒரு பாட்டில் அனுப்பிவிடலாம், ஊர் வாயை அதுதான் மூடும்.

உங்கள் ஜெபா


பிள்ளைப்பாக்கம்,
17.2.1991

அன்பு மகன் ஜெபாவுக்கு,

பென்சிலை ஒப்புக்கொள்கிறேன். மீதியிருந்ததை மறுபடி முகர்ந்தேன், இருக்கிறது. வால்மிளகை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இங்கே ஒன்று நடந்தது. திருவிருந்துக்குத் திராட்சரசம் உன் அப்பா காலத்திலிருந்து நம் வீட்டு ஜாடியில்தான் ஊறும். போன ஞாயிறு, சர்ச்சில் மணியடிக்கும் கோயில் பிள்ளை எல்லப்பன் வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "கமிட்டில பேசினாங்கம்மா... இந்த வாட்டி ரத்னாக்கா செய்யட்டும்னு... நீங்க தப்பா எடுத்துக்காதீங்க." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, சரியாகவே எடுத்துக்கொண்டேன். இன்று ரத்னாவின் ரசத்தை வாங்கினேன். கிராம்பு அதிகம், பழம் கழுவப்படவில்லை. திருவிருந்தில் முகம் சுளிக்கக் கூடாது என்று கான்வென்ட்டில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சுளிக்கவில்லை.

வெள்ளை: எலுமிச்சை இலையைக் கசக்கிய வாசனை. பச்சை மாங்காய்த் தோல். தேன் இருப்பதுபோல மூக்கு சொல்கிறது, நாக்கு இல்லை என்கிறது. அதற்கும் அடியில், கோபித்துக்கொள்ளாதே, ஒரு துளி மண்ணெண்ணெய். பழுதென்று நினைத்தேன். இரண்டாம் நாள் அந்த மண்ணெண்ணெயே பிடித்துப்போயிற்று. காரணம் எழுது.

ஜனவரிக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லையே, உடம்புக்கு என்ன?

அம்மா


ஹீல்ட்ஸ்பர்க்,
14.3.1991

அன்புள்ள அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை. ஜனவரிக் கடைசியில் பீப்பாய் அறையில் ஏணி வழுக்கிப் பின்மண்டையில் ஓர் அடி. தையல் போட்டார்கள், பிரித்தும் விட்டார்கள். எப்போதாவது தலைவலி. ஜாஸ்மின்தான் நர்ஸ் வேலையை வீட்டிலும் செய்கிறாள். ஊசிப்போன மீன்குழம்பைத் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டுவிட்டேன் என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. பசி அம்மா, வேறென்ன.

வெள்ளையைப் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. எலுமிச்சை இலை, மாங்காய்த் தோல், மண்ணெண்ணெய். நான் சேர்க்க ஒன்றுமே இல்லை. முழு மார்க்.

இப்போது பெரிய செய்தி. நான் தனியாகச் செய்த முதல் ஒயினை, பீப்பாயிலிருந்து எடுத்து ஒரு பாட்டில் அனுப்புகிறேன். கோபாலின் நண்பர் சென்னை வருகிறார். வால்டர் இப்போது கட்டிலோடு சரி. எல்லாவற்றையும் என் மூக்கை நம்பி விட்டுவிட்டார். இது நன்றாக வந்தால் தோட்டத்தில் எனக்குப் பங்கு தருவதாகச் சொல்கிறார். வராவிட்டால் விற்றுவிடுவார், நான் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

எப்போதையும்விட விவரமாக எழுதுங்கள் அம்மா. முதலில் என்ன வருகிறது, பிறகு என்ன, எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லாம் வேண்டும்.

உங்கள் ஜெபா


பிள்ளைப்பாக்கம்,
28.4.1991

அன்பு மகன் ஜெபாவுக்கு,

பாட்டில் வந்தது. ஈஸ்டர் கழித்துத் திறந்தேன்.

மூக்கில் மல்லிகை, மாலையில் கட்டியது, அப்போதுதான் மலர்ந்தது. அடுத்து காய்ச்சிய வெல்லப்பாகு. வெகுநேரம் நிற்கிறது. வேறு எதுவும் இல்லை.

நீ என்ன சொல்கிறாய் என்று உடனே எழுது. தலைவலி எப்படி என்றும் எழுது.

அம்மா


ஹீல்ட்ஸ்பர்க்,
15.5.1991

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுப் பீப்பாய் அறையில் உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மல்லிகை! அதேதான் அம்மா. நானும் அதையேதான் நினைத்தேன், சொல் கிடைக்கவில்லை. வெல்லப்பாகு என்று நீங்கள் எழுதியதும் பளிச்சென்று விளங்கியது. வால்டரிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதக் கடைசியில் முழுவதையும் பாட்டிலில் அடைக்கிறோம். பெயர் உங்கள் பெயர்தான், 'கிரேஸ்'. லேபிளுக்கு ஆள் வந்து போய்விட்டான். காலியாகும் பீப்பாய்களுக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகத் திரி கொளுத்த வேண்டும், அந்தப் புகையில் யாரும் நிற்க மாட்டார்கள். எனக்கு அது ஒன்றும் செய்வதில்லை, நானே செய்துவிடுகிறேன்.

தலைவலி பரவாயில்லை.

உங்கள் ஜெபா


பிள்ளைப்பாக்கம்,
10.6.1991

மகனே,

உன் கடிதம் தாமதமாகத்தான் வந்தது. போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்த ராத்திரி நடந்ததை அங்கே டி.வி.யில் காட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு இங்கே பஸ்ஸும் தபாலும் ஒழுங்காக இல்லை, வழியெல்லாம் போலீஸ். கடிதம் வந்த அன்றே பூந்தமல்லி வரை போய் உனக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உன் ஒயினில் மல்லிகை இல்லை. வெல்லப்பாகும் இல்லை. நான் எழுதியது பொய்.

தக்கையை எடுத்ததும் நனைந்த கோணிச்சாக்கு வாசனை வந்தது. வருஷக்கணக்காக மூடிக்கிடந்த அறையைத் திறந்ததுபோல ஒரு பூஞ்சை. பாட்டில்தான் பழுதோ என்று கண்ணாடிக் கிளாசில் ஊற்றி மறுநாள் வரை வைத்தேன். பாஞ்சாலி கிளாசைக் கழுவ எடுத்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னாம்மா இது, மழையில ஊறுன சாக்கு கணக்கா நாறுது. இதையா நம்ம தம்பி அனுப்பிச்சுது?" நாக்கில் ஒரு குறையும் இல்லை, புளிப்பும் துவர்ப்பும் அளவோடு இருக்கின்றன. அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. உன் பீப்பாய் பூஞ்சை பிடித்திருக்கிறது. வாசலில் நின்றாலே தெரியக்கூடியதை அதன் பக்கத்திலேயே இருந்து நீ அறியவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது மார்ச் மாதமே. நீ என்னோடு முழுதாக ஒத்துப்போனது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. மண்ணெண்ணெய்க்குக் காரணம் கேட்டேன், நீ காரணம் எழுதவில்லை, என் வார்த்தையை எனக்கே திருப்பி அனுப்பினாய். பிறகு ஊசிப்போன மீன்குழம்பு. ஜாஸ்மின் சிரித்திருக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இல்லாததை எழுதிப் பார்த்தேன். நீ சண்டைக்கு வருவாய், "அம்மா, உங்களுக்கு மூக்கு போய்விட்டது" என்று கேலி செய்வாய் என்று காத்திருந்தேன். கேலி செய்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்.

அந்த ஏணியிலிருந்து விழுந்த நாள் முதல் உனக்கு எதுவும் மணக்கவில்லை. இதை நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

மூன்று காரியம் செய். பாட்டிலில் அடைப்பதை நிறுத்து. வால்டரிடம் உண்மையைச் சொல். பங்கு போனால் போகட்டும், வேறு தொழில் செய்து பிழைக்கலாம். மூன்றாவதுதான் முக்கியம்: அந்தக் கந்தகப் புகைக்குள் போகாதே. மற்றவர்களை அந்த நெடி வெளியே துரத்துகிறது, அதனால் பிழைத்துக்கொள்கிறார்கள். உன்னைத் துரத்த ஒன்றும் இல்லை. ஜாஸ்மினிடம் சொல்லி, தலையை ஒரு பெரிய டாக்டரிடம் காட்டு. சொன்னாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ சொல்லாவிட்டால் நானே அவளுக்கு எழுதுவேன்.

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

அம்மா


பிள்ளைப்பாக்கம்,
25.8.1991

அன்பு மகன் ஜெபாவுக்கு,

ஜூன் மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜூலையில் ஜாஸ்மினுக்கு எழுதினேன், அதற்கும் இல்லை.

நேற்று குன்றத்தூர் தேவநாதனின் மகள் பூர்ணிமா வந்தாள். உங்கள் பக்கத்து ஊரில்தான் இருக்கிறாளாம். நீ கொடுத்ததாக ஒரு பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். நல்ல கனமான தாளில் லேபிள். மேலே என் பெயர். கீழே சின்ன எழுத்தில், மல்லிகை, காய்ச்சிய வெல்லப்பாகு என்று என் பொய்யை இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறாய். ஒரு பிழையும் இல்லை.

ஜெபா எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காரு ஆன்ட்டி. இளைச்சிருக்காரு. அக்காவப் பாக்கல, டியூட்டின்னாரு. வாசல்லயே நின்னு சிரிச்சிக்கிட்டே பேசினாரு. உள்ளேர்ந்து கருகுற வாசனை வந்துச்சு. 'அண்ணா, ஏதோ தீயுதே'ன்னேன். அவரு திரும்பிக்கூட பாக்கல ஆன்ட்டி. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு, 'எங்க?'ன்னு கேட்டாரு."

அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டுப் பாட்டிலைத் திறந்தேன். அதே கோணிச்சாக்கு.

இது எத்தனை பேர் வீட்டு மேஜையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் பெயர் போனால் போகட்டும். இங்கே அதைக் கெடுக்க ரத்னா ஒருத்தியே போதும். அங்கே திராட்சை அறுப்பு தொடங்கும் மாதம் இது. காலிப் பீப்பாய்களை எல்லாம் திறந்து கந்தகம் கொளுத்துவீர்கள். என் ஜூன் கடிதத்தைப் படித்த பிறகும் நீ அந்த அறைக்குள் போகிறாயா, அல்லது கடிதமே வந்து சேராமல் போகிறாயா? எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன் செய்யாதே. போனில் நீ சிரிப்பாய், நானும் நம்பிவிடுவேன். அந்தக் கடிதம் கிடைத்ததா, டாக்டரிடம் போனாயா, இந்த இரண்டுக்கும் உன் கையால் எழுதிப் பதில் அனுப்பு.

உன் அம்மா,
கிரேஸ் ராஜம்மா