தைத்த காதோடு மெயினருவியில்

என்னைப் பெற்று, என் காதையும் இழுத்து வளர்த்த அம்மாவுக்கு,

நீ போன பிறகும் உன்னோடு எனக்கு வழக்கு தீரவில்லை. பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். குறுக்கே பேச நீ இல்லாதபோதே இதை எழுதிவிடுகிறேன்.

கைக்குழந்தையாக இருந்தபோதே காது குத்தி, துளையில் பஞ்சு திணித்து, பனையோலைச் சுருள் வைத்து, பிறகு காது நீள ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டாய். சீழ் வடிந்ததாம். நீயே பெருமையாகச் சொல்வாய்: "அழுதா அழட்டும்னு விட்டேன். இப்பம் பாரு, காது தோளைத் தொடுது!" அந்தத் தொங்கு காதில் கனத்த தங்கப் பாம்படம் மாட்டித்தான் கல்யாணம் செய்து கொடுத்தாய்.

ஐம்பதுகளின் கடைசியில் கீழப்பாவூரிலிருந்து தென்காசிக்குக் குடிபோனேன். அங்கே என் வயதுப் பெண்கள் எல்லோர் காதிலும் சின்னக் கல் கம்மல். என்னை மட்டும் ‘ஆச்சி’ என்று கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, அம்மா.

தொங்கு காதை அறுத்துத் தைக்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். உன்னிடம் சொல்ல வந்தேன்.

"சாமி குடுத்த காதை அறுப்பியாட்டி?"

"சாமி குடுத்தது சின்னக் காதுதாம்மா. இழுத்தது நீ."

"மூளிக் காதோட என் வாசல் மிதிக்காத. இனி உன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அப்படியும் போனேன். மரத்துப்போக ஊசி போட்டும் வலித்தது. சதையைக் கத்தரிக்கிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. பல நாள் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சோறு மென்றாலும் தையல் இழுத்தது. புண் ஆறியதும் புதிதாகத் துளை குத்தி, மறுபடி வீங்கி... எல்லாம் கடுகளவு சிவப்புக் கல்லுக்காக. ஆமாம், அதற்குத்தான். அழகுக்காக நீ என்னை அழவைக்கலாம், நானே அழக்கூடாதா?

ஒரு வருடம் நீ பேசவில்லை.

அடுத்த சாரல் காலத்தில் குற்றாலத்தில் எதிரெதிரே வந்தோம். பாம்படத்தைக் கழற்றிக் கரையில் சித்தியிடம் கொடுத்துவிட்டு மெயினருவிக்குள் போனாய். தண்ணீர் விழுகிற வேகத்தில் வெறும் காது கன்னத்தில் அறையுமே! இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு, தோப்புக்கரணம் போடுகிறவளைப் போல நின்றாய். நான் கம்மலைக் கழற்றவில்லை. உன் பக்கத்தில் வந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நின்றேன்.

நீ என் காதையே பார்த்தாய். பிறகு அருவிச் சத்தத்தை மீறிக் கத்தினாய்.

"ஏட்டி, வலிக்கலியா?"

"வலிக்கலம்மா!"

கரையிலிருந்து சித்தி விடவில்லை. "யக்கா, பேசமாட்டேன்னு சொன்ன?"

"நான் அருவிகிட்டல்லா பேசுதேன்!"

ஜெயித்துவிட்டேன். கரையேறியதும் நீயே என் தலையைத் துவட்டினாய். தைத்த இடத்தில் மட்டும் துண்டு படவில்லை.

சித்தியும் அப்புறம் அதே டாக்டரிடம் போனாள். நம் தெருவில் இப்போது தொங்கு காது ஒன்றுகூட இல்லை. உன் பாம்படத்தை உருக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. நீ மட்டும் ஏன் கடைசிவரை தைத்துக்கொள்ளவில்லை? பயமா, பிடிவாதமா? பிடிவாதம் என்றால் எனக்குப் புரியும்.

அன்று அருவியில் வலித்தது அம்மா. மிளகாயை அரைத்து அப்பியதுபோல் எரிந்தது. அந்தப் பொய்க்கும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். இந்தச் சாரலுக்கும் போவேன், கம்மலோடுதான். கையைத் தூக்கித்தான் நிற்பேன். நீ கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன். இது சத்தியம்.

உன்னைப் போலவே அடங்காத
உன் மூத்த மகள்