சாப்பாட்டுக்கு ஒரு மாத்திரை

1974 ஜனவரி 8, செவ்வாய்

பனி. ஏரி முழுக்க வெள்ளை. வலை காயவே இல்லை. இன்றைக்குச் செய்ய நினைத்தது: கருவாடு புரட்ட, மண்ணெண்ணெய் வாங்க, வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

கதவு நிலையில் மறுபடி இடித்துக்கொண்டார். கேட்டால், இரண்டு வாசல் தெரிந்ததாம், நடுவில் நுழைந்தாராம். நானும் இரண்டாகத் தெரிகிறேனா என்றேன்.

"ஆமா. ரெண்டு பேரும் மொறச்சிக்கினு கீறீங்க."

சிரித்துவிட்டேன்.

இப்போது அவருக்கு இருப்பது: ஈறு வீங்கிப் பல்லை மூடப் பார்க்கிறது. உட்கார்ந்தால் தூக்கம். பேச்சு குழறல். கால் தள்ளாட்டம். இல்லாதது: வலிப்பு. ஆடியில் வலிப்பு வந்து படகிலிருந்து விழுந்த பிறகு மாத்திரை ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜனவரி 10, வியாழன்

ஏலம் விடும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் பேச்சு. "காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டாரு பாரு." யார் குரல் என்று தெரியும். திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கூடையைத் தலையில் கவிழ்த்திருப்பேன்.

மத்தியானம் ஊர்த் தலைவர் வந்தார். அமாவாசைக்கு எங்கள் பாடு. முகத்துவாரத்தில் இறால் விழும் இடத்தில் வலை கட்ட ஊர் முறை வைத்துத் தருகிற நாள். தவறினால் அடுத்த முறை சுற்றி வர எத்தனை காலமோ. தண்ணீர் குடித்தார், முற்றத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மொத வலைக் கழிய முறைக்காரன் தான் ஊணணும். குடிச்சவன் கை பட்டா பாடு அடுத்த ஊட்டுக்குப் பூடும். ஊருக் கட்டுப்பாடும்மா. எனக்காவ மாத்த முடியாது."

அவர் குடிப்பதில்லை என்றேன். மாத்திரை என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை.

ஜனவரி 12, சனி

சண்டை. எல்லாம் இந்த மாத்திரையால்தானாம், ஏரியில் வீசப் போகிறாராம். "வலிப்பு வந்தா வரட்டும். குடிகாரன்னு பேரு வாணாம்." டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன்.

கொழுந்தன் ஏழுமலை வந்தான். முதலில் அண்ணன் பக்கம் பேசினான். திடீரென்று அவன் முகம் மாறிவிட்டது.

"ஆடில உன் முடியப் புட்ச்சி தண்ணியிலேர்ந்து இஸ்துகினு வந்தவன் நானு. இன்னொரு வாட்டி என்னால ஆவாதுண்ணா."

அவராகவே கையை நீட்டினார். கொடுத்தேன். விழுங்கினார், என்னை முறைத்தபடி.

டப்பாவில் சத்தம் குறைந்துவிட்டது. மாசக் கடைசி வரைக்கும் வர வேண்டிய மாத்திரை. மாத்திரையை எலி தின்னுமா?

ஜனவரி 14, திங்கள்

பொங்கல். நன்றாகப் பொங்கியது. கரும்பு கடித்தார், ஈறெல்லாம் ரத்தம். எழுத மனசில்லை.

ஜனவரி 16, புதன்

மாத்திரை தீர்ந்தது. பொன்னேரிக்கு முதல் பஸ். நிற்க இடம், அவ்வளவுதான். அவர் ஆடியதில் பக்கத்து ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டான். சாராய வாசனையே இல்லாததற்கு.

டாக்டர் அவரை நேராக நடக்கச் சொன்னார். தரை அவருக்கு ஒத்துழைக்கவில்லை. விரலைக் காட்டிக் கண்ணால் தொடரச் சொன்னார். கண்மணி கிடந்து துடித்தது, பார்த்தேன். மாத்திரை அதற்குள்ளா தீர்ந்தது என்று கேட்டார். நீங்கள் சொன்னபடி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று என்றேன்.

"எத்தனை வேளை சாப்பிடறார்?"

இது என்ன கேள்வி. விடியலில் வலைக்குப் போகுமுன் பழையது. வந்ததும் நாஷ்டா. உச்சிக்கு மீன் சோறு. பொழுது சாய வலை பார்க்கப் போகுமுன் ஒரு தட்டு. படுக்குமுன் மிச்சம் மீதி. இறால் காலமாச்சே, உடம்பு கேட்கும் என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் மனசில் இருந்தது காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் மட்டும்தானாம். அப்போதுதான் உறைத்தது. ஐப்பசி மழையில் எங்கள் அடுப்பு இரண்டு வேளைதான் எரிந்தது. அப்போது அவர் கால் நன்றாகத்தான் நின்றது. வலை நிறைய ஆரம்பித்ததும் சோறு கூடியது, கூடவே மாத்திரையும்.

"சோத்தக் கணக்கு பாக்காதேம்மா, பொழுதப் பாரு. நானும் கேட்டிருக்கணும்."

ஒரு நாள் மட்டும் விட்டு, பிறகு காலை ஒன்று, ராத்திரி ஒன்று. தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் போய்விடும். நாமாக அடியோடு நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஈறும் மாத்திரையின் வேலைதான், மெதுவாகத்தான் குறையும். பல் தேய்க்கச் செங்கல் தூள் கூடாது, பிரஷ். தண்ணீரில் தனியாகக் கூடாது. பாடு பற்றிச் சொன்னேன். இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார்.

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. என் தோளில் தூங்கினார். தோள் மரத்துப்போயிற்று, நகரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். புது வியாதி இல்லை. ஒன்றுமே இல்லை. என் சோறு.

ஜனவரி 19, சனி

காற்று. பூனை ஒரு கருவாட்டைத் தூக்கிப்போயிற்று. பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஊரே சிரிக்கப்போகிறது என்கிறார், ஆனால் தேய்க்கிறார். நிலையில் இடிக்கவில்லை. எத்தனை பொண்டாட்டி தெரிகிறது என்றேன். யோசித்து, "ஒண்ணர" என்றார்.

ஜனவரி 22, செவ்வாய்

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன், சோறு, மாத்திரை எல்லாம். இருமல் வரும்வரை சிரித்தார். "சோறு போட்டே ஆளக் கவுத்துட்டியே." பொழுது போவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பரவாயில்லை. நான் முட்டாள் என்பது, அவர் குடிகாரர் என்பதைவிட மேல்.

ஆனாலும் நாளைக்கு நிற்க வேண்டுமே. பொத்தான் தைத்தேன்.

ஜனவரி 23, புதன். அமாவாசை

கரையில் நின்றேன். இடுப்பளவு தண்ணீரில் அவர். ஒரு பக்கம் ஏழுமலை, ஒரு பக்கம் தலைவர். கழியை உயரத் தூக்கினார். நீரோட்டம் இழுத்தது. ஏழுமலையின் கை நீண்டது, தொடவில்லை, நின்றுவிட்டது. அவர் ஊன்றினார். கழி நேராக நின்றது. அவரும்.

கண் எரிந்தது. உப்புக் காற்று என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன்.

நல்ல இறால். வீட்டுக்கு வந்து வாசலில் நின்று என்னைப் பார்த்தார். எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஒருத்தி தான். அதுவே பேஜாரு."

சாப்பிட்டார். கொஞ்சம் கழித்து மறுபடி. இப்போது இன்னொரு தடவை சோறு கேட்கிறார். போட்டேன். ராத்திரி மாத்திரைக்கு இன்னும் பொழுது இருக்கிறது. டப்பாவைத் தொடவில்லை.