இடமிருந்து வலம் ஏழு

ரைட்டர், இன்று காலை ஆறு நாற்பதுக்கு உங்கள் நம்பரிலிருந்து போன் வந்தது.

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில், என் பேப்பர் ஏஜென்சிக் கடையில், எப்போதும் போலப் பேப்பர் கட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தேன். பனியில் மேல்தாள் இரண்டும் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. விரலெல்லாம் மை வாசனை. போனில் உங்கள் பெயர் வந்ததும் என் கை தானாகவே ஆறாம் பக்கத்தைத் திருப்பப் போய்விட்டது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது என்பது கைக்குத் தெரியவில்லை.

பேசியது உங்கள் மனைவி. “ஏஜென்ட்டுங்களா? நேத்துப் புதிருல ஒண்ணு மட்டும் வரலீங்க. அவுரு இருந்தா உங்களத்தான கேப்பாரு. அதான் போட்டேன்.”

அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு மேலாகத் தள்ளிப்போட்டது.

முதல்நாள் ஞாபகம் இருக்கிறதா? மஞ்சக்குட்டை பஸ்ஸுக்காக என் கடை ஓரம் நின்றீர்கள். கக்கத்தில் நீங்கள் ரைட்டராகக் கணக்கெழுதும் எஸ்டேட்டின் ஆள்வருகை நோட்டு, கையில் மடித்த பேப்பர், காதில் பேனா. உழும்போது மாட்டின் கழுத்தில் வைப்பது, ஐந்து கட்டம் என்று உங்களுக்குள்ளேயே முணுமுணுத்தீர்கள். நான் குப்பனூர்க்காரன், அப்பாவோடு ஏர் ஓட்டியவன். “நுகத்தடி” என்றேன். கட்டத்தில் எழுதிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்களே, அந்தப் பார்வைக்குத்தான் நான் விழுந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவனை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பேப்பர் கட்டு சேலத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் என் கடைக்கு வந்துவிடும். உங்கள் பிரதி ஒன்பதரை மணி பஸ்ஸில் ஏறி மஞ்சக்குட்டை வந்து சேரப் பத்தரை ஆகும். நேற்றைய புதிரின் விடை இன்றைய பேப்பரில்தான் வரும். அதனால் நீங்கள் காலையில் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எடுக்கப் போவதற்கு முன், ஆறு நாற்பதுக்கு, முந்தின நாள் மிச்சம் வைத்த கட்டங்களைக் கேட்டுப் போன் செய்வீர்கள். நானும் விற்காத பிரதி ஒன்றில் அதே புதிரைப் போட்டுவைத்திருப்பேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்கள். “நான் போனு பண்ற வரைக்கும் நீங்க விடை வர்ற ஆறாம் பக்கத்தத் திருப்பக் கூடாதுங்க.” நானும் பெரிய மனுஷன் மாதிரிச் சரி என்றேன்.

முதல் ஆறேழு மாதம் அப்படியே நடந்தேன், சத்தியமாக. எனக்கும் தெரியாதது உண்டு. ஆனால் சுற்றி வளைத்து யோசித்தால் இருவருக்குமாக ஏதாவது தட்டுப்படும். சில நாள் தோற்போம். “பத்தரைக்குப் பாத்துக்கலாங்க” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிடுவீர்கள்.

கெடுத்தது உங்கள் புகழ்ச்சிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எஸ்டேட் மேனேஜரைக் கடைக்கே கூட்டிவந்து, “இவருதானுங்க சார் நான் சொன்னவரு. எட்டாவதுதான். ஆனா இவருக்குத் தெரியாத வார்த்தை கெடையாதுங்க” என்று அறிமுகப்படுத்தினீர்கள். அவர் என்னோடு கைகுலுக்கினார். அன்றைக்கு நான் கடையை மூடிவிட்டு வீடு போய்ச் சேரும்வரை கால் தரையில் பாவவில்லை.

மறுநாளே கேட்டீர்கள். நவரத்தினத்தில் ஒன்று, ஐந்து கட்டம், மூன்றாவது எழுத்து ‘த’. எனக்கு வைரமும் முத்தும் தெரியும், அதுகூட நகைக்கடைப் பலகையில் பார்த்ததுதான். தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நேற்றுக் கைகுலுக்கிய மேனேஜர் முகம் வந்து நின்றது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பேப்பரைச் சத்தமில்லாமல் திருப்பி, “கோமேதகமாட்ட இருக்குதுங்க” என்றேன். நீங்கள் அந்தப் பக்கம் அசந்து போனீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

அதற்குப் பிறகு நான் புதிரே போடவில்லை, ரைட்டர். எதற்குப் போட வேண்டும்? ஆறு முப்பதுக்கே ஆறாம் பக்கத்தை மேலாக மடித்து வைத்துக்கொள்வேன். நீங்கள் குறிப்பை முழுதாகப் படிப்பீர்கள். நான் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, கட்டுகளைப் பிரித்தபடியே பார்த்துச் சொல்வேன். உடனே சொன்னால் சந்தேகம் வரும் என்று ‘ம்ம்’ என்று இழுப்பதற்குக்கூடப் பழகிக்கொண்டேன். இடையிடையே வேண்டுமென்றே தப்பாக ஒன்று சொல்லிவிட்டு, அரை நிமிஷம் கழித்து, “இல்லீங்க, இருங்க இருங்க” என்று திருத்துவேன். எட்டு வருஷத்துக்கு மேல். நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்களோ என்ற பயம் மட்டும் ஒருநாளும் போகவில்லை. பொய் சொன்னது தெரிந்தால் கோபப்படுவீர்கள் என்பதல்ல பயம். அந்தப் பார்வை போய்விடும் என்றுதான்.

பிறகு ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அடக்கத்தன்று கூட்டத்தில் ஓரமாக நின்றபோது, கேவலமான ஒரு நிம்மதி வந்தது. கடைசிவரை உங்களுக்குத் தெரியாமலே போயிற்று என்று.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஜெபம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் மனைவி மூன்று பழைய ஆள்வருகை நோட்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நீங்கள் புதிரை எல்லாம் வெட்டி, தேதி போட்டு, சோற்றுப் பசையில் ஒட்டி வைத்திருந்தீர்கள். நீங்களாகப் போட்டது நீலப் பேனாவில். நான் சொன்னது சிவப்பு மையில். பக்கம் பக்கமாக என் சிவப்பு. பார்க்கப் பார்க்க எனக்குக் காது சுட்டது.

அவர் இரண்டாம் நோட்டில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். இடமிருந்து வலம் ஏழு. ஏற்காடு அமைந்துள்ள மலை, ஆறு கட்டம். அதில் சிவப்பு மையில் இருந்தது கல்வராயன்.

கல்வராயன் மலை எங்கே, நாம் எங்கே. புதிர் போட்டவர் எங்கோ உட்கார்ந்து இரண்டு மலையைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். தப்பு அப்படியே விடையிலும் வந்திருக்கிறது. சேர்வராயன் மலை மேலேயே உட்கார்ந்துகொண்டு, குறிப்பைக் காதில் வாங்காமல், அச்சில் இருந்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறேன். இந்த மலையில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூட அப்படிச் சொல்லாது.

“அன்னிக்குப் போன வச்சிட்டு அவுரு சிரிச்ச சிரிப்பு இருக்குதே, கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க” என்றார் உங்கள் மனைவி. “ஏஜென்ட் பாத்துத்தான் சொல்றாரு புள்ளேன்னாரு. அப்ப எதுக்குங்க இன்னும் கேட்டுக்கிட்டுன்னு நான் கேட்டேன். நிறுத்திப்போட்டா அவுரு கண்டுக்குவாரு, நொம்ப சங்கடப்படுவாரு, கெடக்குதுன்னாரு. அதுக்கப்புறம் எல்லாக் கட்டத்தையும் இவரே மனசுக்குள்ள போட்டுக்குவாருங்க. உங்களக் கேக்கோணுமின்னு ரெண்டு மட்டும் எழுதாம வச்சிருப்பாரு.”

பக்கத்தின் மேலே தேதி பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு முந்தினது.

ஐந்து வருஷம், ரைட்டர். தினமும் ஆறு நாற்பதுக்குத் தெரிந்ததையே தெரியாதது போலக் கேட்டிருக்கிறீர்கள். நான் ‘ம்ம்’ என்று இழுக்கும்போது பொறுமையாகக் காத்திருந்திருக்கிறீர்கள். நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் திருத்தும்போது, “அதானே பாத்தேன்” என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டில் அத்தனை ஆட்களைப் பார்க்கிற மனுஷன், என் ஒருவன் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டீர்கள். நான் கல்வராயன் என்று சொன்ன மறுநாளும் அதே குரலில்தானே “ஏனுங்க ஏஜென்ட்” என்றீர்கள். போய்விடும் என்று நான் பயந்த பார்வை அதற்குப் பிறகும் இருந்திருக்கிறது. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

நான் பார்த்துத்தான் சொன்னேன், ரைட்டர். உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்த பிறகும் இதை என் வாயால் சொல்ல வேண்டும்.

இன்று காலை உங்கள் மனைவி கேட்டது, ஒரு தோல்கருவி, மூன்று கட்டம், கடைசி எழுத்து ‘வு’. நீங்கள் போன பிறகு பேப்பர் வீணாகிறதே என்று அவரே போட ஆரம்பித்திருக்கிறார். ஆறாம் பக்கம் என் விரலுக்கு அடியில் இருந்தது. பழைய ‘ம்ம்’ தொண்டைவரை வந்தது.

“தெரியலீங்கம்மா” என்றேன்.

“முன்னாலதான இருக்குது, திருப்பிப் பாத்துச் சொல்லுங்க” என்றார். குரலில் சிரிப்பு.

“இல்லீங்க. பத்தரைக்குப் பாத்துக்கலாம். அது வரைக்கும் நீங்களும் யோசிங்க, நானும் யோசிக்கறேன்.”

ஒன்பதரை பஸ்ஸில் உங்கள் பிரதியை ஏற்றிவிட்டேன். இன்றைய பேப்பரில் விற்காத பிரதி ஒன்று எடைக்கல்லுக்கு அடியில் பிரிக்காமல் மடித்தபடியே இருக்கிறது. இப்போது மணி பதினொன்று. மஞ்சக்குட்டையில் உங்கள் மனைவிக்கு இந்நேரம் விடை தெரிந்திருக்கும்.

எனக்கு இன்னும் தெரியாது, ரைட்டர்.