சங்கனும் பதுமனும் நின்ற சுவர்

பர்மாவிலிருந்து நடந்தே தப்பியவர்கள் நம் ஊர் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நூல் கிடைக்காமல் தெருவில் பாதித் தறிகள் நின்றுபோன வருஷம். அந்த வருஷக் கடைசியில், குளிரில், நீயும் நானும் இத்தாலியில் பட்டாளத்துக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்தோம்.

இன்று காலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். காரைத் தூசி மூக்கில் ஏறியதும் எனக்கு அந்த வருஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"யாருக்குப் பெரியவரே?"

"செத்துப்போன சேக்காளிக்கு."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். "அப்பம் வெலாசம் வேண்டாம். சொல்லும்" என்றார்.

எனக்கு எழுத்து வராது. பட்டாளத்தில் என் கடுதாசியெல்லாம் எழுதித் தந்தவன் நீதான். இதை மட்டும் உன்னிடம் சொல்லி எழுத முடியாது.

குண்டு விழுந்து ஒரு மேடு பிளந்து கிடந்ததே, அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்க்கப் போனோம். உள்ளே வீடு. இடுப்பளவுச் சுவர்கள், அறை அறையாக. கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக்கல் பதித்த தரை. நம் ஊரில் நெல் கொட்டிவைக்கும் குலுக்கை அளவுக்கு மண்சாடிகள் தரைக்குள் கழுத்துவரை புதைந்திருந்தன. கடைசி அறையில் ஒரு சுவர் மட்டும் முழு உயரத்துக்கு நின்றது. அதில் இரண்டு பாம்புகள். நடுவில் ஒரு மேடை, மேடைமேல் முட்டை. இரண்டும் எதிரும் புதிருமாகப் படமெடுத்து வருவதுபோல் எழுதியிருந்தார்கள்.

நீ உடனே பூட்ஸைக் கழற்றினாய்.

"ஏலே, கழத்து. சங்கனும் பதுமனும்லா நிக்காவ!"

சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று நம் கோயிலில் வழக்காடிய பாம்புகள் கடல் தாண்டி இங்கே எப்படி வந்தன என்று நான் கேட்கவில்லை. உறைந்த சேற்றில் வெறுங்காலோடு நானும் நின்றேன். நீ பையிலிருந்து டின்பாலை எடுத்துச் சுவரடியில் ஊற்றினாய்.

"இத்தாலிப் பாம்பு டின்பாலு குடிக்குமாலே?"

"நம்ம ஊருப் பாம்பு மட்டும் ஒங்க வீட்டு எருமைப்பாலையா கேட்டுச்சு? வாய மூடிட்டுக் கும்பிடு."

திரும்பி வந்து வடாற்காட்டு ஹவில்தாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "கோயிலும் இல்ல, கொளமும் இல்லப்பா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ரோமாபுரிப் பணக்காரன் ஒருத்தன் திராட்சைத் தோட்டத்துல கட்டிக்கிட்ட வீடுன்னு துரை சொல்றாரு. வீட்டையும் வம்சத்தையும் காக்கும்னு பாம்பை எழுதி வச்சுக் கும்பிடுவாங்களாம்."

"நாங்களும் அதுக்குத்தான கும்பிடுதோம்" என்றாய் நீ.

மூன்றாம் நாள் உனக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தாய். "சொவர யாரும் தொடாம பாத்துக்கிடு. வீடு போய்ச் சேரணும்னு வேண்டிருக்கேன். ஒனக்கும் சேத்துத்தான்." சரி என்றேன்.

அந்த வாரம் மழை விடவில்லை. ரோடு உள்வாங்கி லாரிகள் அச்சுவரை புதைந்தன. கிட்டத்தில் கிடைக்கிற கல்லையெல்லாம் கொண்டுவந்து போடச் சொன்னார்கள். சின்னச் சுவர்கள் ஒரு பகலில் தீர்ந்தன. பெரிய சுவருக்கு முன்னால் கடப்பாரையோடு நின்றவன் நான். ஹவில்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் இரக்கமுள்ள மனுஷர், வேறு பக்கம் அனுப்பியிருப்பார். நான் சொல்லவில்லை. நனைந்து, பசித்து, அலுத்துப்போயிருந்தேன். டீ வருவதற்குள் முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது, அவ்வளவுதான். முதல் குத்து இடதுபக்கப் பாம்பின் கழுத்தில் விழுந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

நீ தேறி வந்தபோது நம் கம்பெனி வெகுதூரம் முன்னே போயிருந்தது. "சொவரு இருக்குல்லா?" என்றாய். "இருக்கு" என்றேன்.

ஊருக்கு வந்தோம். உனக்கு நாலு பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், எட்டு வருஷம் என்று போனது. நாகத்துக்கு யாரோ தீங்கு செய்திருக்கிறார்கள் என்று ஜோசியர் சொன்னபோது, என் மாமியார் தன் பிறந்த வீட்டில் புற்றை இடித்த கதையைச் சொல்லி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீதான் என் வீட்டுக்காரி சண்முகத்தாய்க்குத் தைரியம் சொன்னாய். "மதினி, கவலப்படாதிய. அந்தச் சீமையிலயும் சங்கனும் பதுமனும் காவலுக்கு நிக்காவ. ஒங்களுக்கும் சேத்து அங்கன வேண்டிருக்கேன். சொவரு நிக்க வரைக்கும் வேண்டுதலும் நிக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "ஏலே, நிக்கில்லா?"

அவளும் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

அந்த ஆடியில் ஆரம்பித்தாள். நம் கோயிலில் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும், வேண்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிச் சுற்றி வரும் ஆடிச்சுற்று, வருஷம் தவறாமல். பிள்ளை பெறும் வயது தாண்டியும் நிறுத்தவில்லை. போன ஆடியில் முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "இன்னும் என்னத்துக்குட்டி சுத்துத?" என்று சத்தம் போட்டேன்.

"இந்தச் சென்மத்துக்கா சுத்துதேன்? அடுத்ததுக்கு. ஒங்க சேக்காளி வேண்டுனது அங்கன நிக்கில்லா" என்று தைலத்தை என் கையில் கொடுத்தாள். தேய்த்துவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

பாம்பு கேட்டதோ, உடம்பு வாகோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தெம்பும் இப்போது இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் இத்தனை வருஷம் சுற்றியது நான் கல்லாக்கி ரோட்டில் போட்ட ஒரு சுவரை நம்பி.

ஹவில்தார் போய்விட்டார். அன்று என்னோடு கல் சுமந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். போன தை மாதம் நீயும் போனாய். உன்னைத் தூக்கும்போதுகூட என் வாயில் அந்த "இருக்கு"தான் இருந்தது. உன்னிடம் சொல்லிவிட்டேன், நீ கேட்க மாட்டாய் என்பதால் சொல்ல முடிந்தது. கேட்கக்கூடியவர்களில் உயிரோடு இருப்பது இனி சண்முகத்தாய் ஒருத்திதான்.