ஒன்பதாம் கம்பம் முதல் பன்னிரண்டு வரை

நாள் 214. காலை 7.40

வெளியே கிளம்புகிற ஆள் குறிப்பு வைக்க வேண்டும் என்பது இந்த நிலவுக் குடியிருப்பின் விதி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், தலைக்கவசத்துப் பெட்டி எழுதிக்கொள்கிறது. பெயர் சங்கிலி. வயது அறுபத்தெட்டு. கேபிளுக்குப் பள்ளம் தோண்டுகிறவன்.

சுரங்கத்து ஆஸ்பத்திரிக்கு லீஸ்டு லைன் போடுகிறார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டுமே ஒதுக்கின கம்பி; வேறு எவனும் அதில் ஏற முடியாது. அங்கே இருப்பது நர்ஸ் சேவியர் ஒருவர்தான். ஆபரேஷன் செய்கிற டாக்டர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பெரிய குடியிருப்பில் உட்கார்ந்துகொண்டு, கம்பி வழியாக இயந்திரக் கையை ஆட்டுவார். ஒன்று அறுந்தால் இன்னொன்று கைகொடுக்க வேண்டும் என்று இரண்டு லைன், இரண்டு கம்பெனியிடம். இரண்டும் முன்பே புதைந்து கிடக்கிற கேபிள்கள்தான்.

திட்டம் போடுகிற இன்ஜினியர் பெண்ணின் பெயர் நோயலின். அவள் ரேடியோவில் என்னிடம் கேட்டாள்:

"அண்ணாச்சி, வடக்குப் பாதை, தெக்குப் பாதை, ரெண்டும் நீங்க தோண்டுனதுதான?"

"ஆமா தாயி. ரெண்டும் என் கைதான்."

"அப்ப சாட்சிக்கு ரேகை வச்சிருங்க. பேப்பர் ரெடி."

திரையில் கட்டைவிரலை வைத்தேன். பேப்பரில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

நாள் 215. மாலை 4.20

லைன் வந்துவிட்டது. என் மணிக்கட்டுப் பெட்டியில் இரண்டு பச்சை விளக்கு. இனித் தினமும் பாதையைச் சுற்றிப் பார்ப்பது என் வேலை.

துளைபோடும் வண்டி ஓட்டுகிற இசக்கியம்மாள் ரேடியோவில் வந்தாள். பூமியிலிருந்து என் மகன் போடும் கடிதங்களை எனக்கு வாசித்துச் சொல்கிறவள் அவள்தான்.

"ஏ கைநாட்டு! ஒம்ம ரேகையிலதான் ஆஸ்பத்திரிக்கே லைட் எரியுதாமே?"

"எரியட்டும். உனக்கு ஏன் வயிறு எரியுது?"

"மகன் லெட்டர் வந்திருக்கு. நாளைக்கு வாரும், வாசிச்சுச் சொல்லுதேன்."

"இப்பவே சொல்லேன்."

"ரேடியோவுலயா? ஊரே கேக்கும்வே. நல்ல சேதிதான், வாரும்."

நாள் 216. காலை 9.15

சுரங்கத்தில் பாறை சரிந்து இசக்கியம்மாள் மேல் விழுந்துவிட்டது. ஈரல் கிழிந்திருக்கிறதாம். ஆபரேஷன் தொடங்கிவிட்டார்கள். லைனில் நடக்கிற முதல் ஆபரேஷன்.

நான் நாலாம் கம்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். இரண்டும் பச்சை.

காலை 10.05

ஒன்பதாம் கம்பத்தருகே வந்தபோது தரை குலுங்கியது. எதிர்ச் சரிவு அப்படியே இறங்கிப் பள்ளத்தின் மேல் உட்கார்ந்தது. இரண்டு விளக்கும் சிவப்பு. ரேடியோவில் நோயலின் கத்தினாள்.

"அண்ணாச்சி, ரெண்டு லைனும் செத்துப்போச்சு! ரெண்டும் ஒண்ணா எப்படிப் போகும்?"

சொன்னேன். "ஒம்பதாம் கம்பத்துலருந்து பன்னெண்டு வரைக்கும் ரெண்டும் ஒரே பள்ளம் தாயி."

"பேப்பர்ல எரநூறு மீட்டர் தள்ளில்லா இருக்கு!"

"பேப்பர்ல இருக்கும். மண்ணுக்குள்ள அப்படி இல்ல."

பதினோரு வருஷம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை. தெற்குப் பள்ளத்தில் பாறை தட்டித் தோண்டுகிற இயந்திரத்தின் இரண்டு பல் உடைந்தது. 'முந்நூறு மீட்டருக்கு வடக்குப் பள்ளத்துலயே போட்டு மூடு, அப்புறம் வெளிய எடுத்துக்கிடலாம்' என்றார் மேஸ்திரி. போட்டேன். மேஸ்திரி இப்போது இல்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நோயலின் கேட்டபோதும் இருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் இதை எழுதாமலா விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். ரேகை வைத்தேன்.

காலை 10.20

சேவியர் துணியைத் திணித்துக் கையால் அழுத்திப் பிடித்திருக்கிறார். டாக்டரின் குரல் ரேடியோவில் அங்கே போகிறது. குரல் போகும், கத்தி போகாது.

"நான் கெளம்பிட்டேன் அண்ணாச்சி. வர ஒரு மணி நேரம் ஆயிரும்" என்றாள் நோயலின்.

நான் காத்திருக்க முடியாது. அன்றைக்கே இந்தச் சரிவுக்கு இரண்டு பக்கமும் அறுபது அறுபது மீட்டர் கேபிளைச் சுருட்டிப் புதைத்தேன், பின்னால் தேவைப்படும் என்று. மண் மூடியிருப்பது நூறு மீட்டர்தான். ஒன்பதாம் கம்பத்திலிருந்து இருபத்திரண்டு எட்டு நடந்தால் மாட்டுத் திமில் மாதிரிப் பாறை. அதன் காலடியில் தோண்டினேன். இருந்தது.

காலை 11.25

அந்தப் பக்கத்துச் சுருளையும் தோண்டி எடுத்து, இரண்டையும் இழுத்து வந்து சேர்த்துவிட்டேன். பாறை நிழல். இணைக்கிற கொக்கியின் பூட்டு உடைந்துவிட்டது. டேப் சுற்றினேன், இந்தக் குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்குகிறது. இரண்டு முனையையும் ஒன்றாக வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். பச்சை.

"அண்ணாச்சி! லைன் வந்துட்டு! டாக்டர் கை ஆடுது!"

விரலை லேசாகத் தளர்த்தினேன். சிவப்பு. மறுபடி அழுத்தினேன். கையால்தான் பிடித்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"ஆட்டாதீங்க அண்ணாச்சி!"

காலை 11.40

ஆபரேஷன் முடிய இன்னும் ஒரு மணி நேரம் என்கிறார்கள். நோயலின் வரும் வழியிலும் சரிவு; சுற்றிக்கொண்டு ஒன்றரை மணிக்குத்தான் வருவாள். என் காற்று பன்னிரண்டு வரை. மாற்று உருளை வண்டியில் இருக்கிறது. போய்வர அரை மணி. கையை விட்டால்தான் போகலாம்.

"அண்ணாச்சி, காத்து எவ்வளவு இருக்கு?"

"நிறைய இருக்கு. நீ பாத்து ஓட்டு."

காலை 11.56

கையுறை பிடித்த பிடியிலேயே குளிரில் விறைத்துவிட்டது, கையும் மரத்துவிட்டது. அதுவும் நல்லதுதான், இனி விலகாது.

இதைக் கேட்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒரே பள்ளம். இருபதாம் கம்பத்தில் தெற்குக் கேபிள் ஆழம் குறைவு, அரை முழம்தான். முப்பத்தொன்றில் ஒரு ஜாயிண்ட்டு, அவசரத்தில் போட்டது, மாற்றுங்கள். பேப்பரில் இருக்காது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும்

மதியம் 12.04

இசக்கி பிழைத்தால்... அந்த லெட்டரை... ரேடியோவில் வாசித்தால் போதும். ஊர் கேட்டால் கேட்கட்டும். நல்ல சேதி என்றுதானே

மதியம் 12.38. வந்த குரல்

"அண்ணாச்சி, தையல் போட்டாச்சு. இசக்கியக்கா பொழச்சுட்டாங்க. கைய விடுங்க."

மதியம் 12.40. வந்த குரல்

"அண்ணாச்சி, போதும். கைய விடுங்க. வண்டிக்குப் போங்க."

மதியம் 12.47. வந்த குரல்

"அண்ணாச்சி?"

மதியம் 12.47. பெட்டியின் பதிவு

பேச்சு இல்லை. லைன்: பச்சை.

மதியம் 1.05. பெட்டியின் பதிவு

பேச்சு இல்லை. லைன்: பச்சை.